கால் எரிச்சல், கை மரப்பு: எல்லாப் பழியும் சர்க்கரைக்குத்தானா?

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 54. பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. சர்க்கரை வந்து 11 வருடம். அன்று முதல் மெட்ஃபார்மின், இப்போது காலையில் 1000, இரவில் 1000 மில்லிகிராம். வெகுகாலமாகச் சைவம், பால் தயிரும் அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டு வருடமாக ராத்திரியானால் இரண்டு உள்ளங்காலும் எரிகின்றன, போர்வை பட்டாலே சகிக்க முடியவில்லை. ஆனால் அதே காலிலிருந்து செருப்பு கழன்று போனால் தெரிவதில்லை, நாலு எட்டு நடந்த பிறகு யாராவது சொல்லித்தான் திரும்பிப் பார்க்கிறார். நடக்கும்போது பஞ்சு மேல் கால் வைப்பது போல இருக்கிறதாம், இருட்டில் தடுமாறுகிறது. போன வருடம் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 10.9 என்று வந்து, இன்சுலின் ஆரம்பித்து, மூன்றே மாதத்தில் 7.2-க்கு இறங்கியது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த நேரத்தில்தான் எரிச்சல் இரட்டிப்பானது.

இதற்கு நடுவில் வலது கை. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. இப்போது கத்தரிக்கோலும் நழுவ ஆரம்பித்திருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, போகும்போதெல்லாம் ஒரு சிவப்பு ஊசி போடுகிறார்கள், இதுவரை ஐந்தாறு போட்டாயிற்று, இரண்டு நாள் தேவலாம் போல இருந்து மறுபடி பழையபடி. ஒரு டாக்டர் நரம்பு மின்பரிசோதனை எழுதிக் கொடுத்தார், கரண்ட் வைப்பார்கள் என்று பயந்து போகவில்லை. உறவுக்காரர் ஒருவர் சொன்னபடி கல்லுப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால் வைத்து, கொப்புளம் வந்திருப்பதை மகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது.

அவர் கேட்பவை இவை. எல்லாம் சர்க்கரையால் வந்ததுதானா? மாத்திரையும் இன்சுலினும்தான் நரம்பைக் கெடுக்கின்றனவா, நிறுத்திவிடலாமா? நரம்பு ஒருமுறை கெட்டால் திரும்பாதா, காலை எடுக்க வேண்டி வருமா? கையில் ஆபரேஷன் செய்தால் கையே போய்விடும் என்கிறார்களே? தைப்பூசத்துக்கு வழக்கம்போல வெறுங்காலில் பழனிக்கு நடக்கலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தவரை எனக்கு அதில் ஒரு பிரச்சினை தெரியவில்லை, மூன்று தெரிகின்றன, நான்காவதாக ஒன்று மேலே வந்து சேர்ந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அவற்றில் இரண்டு, சரியாகப் பார்த்தால் பெருமளவு சரிசெய்யக்கூடியவை. தொட்டுப் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் எந்த விரல், எந்த நேரம், எது செய்தால் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிற விவரம் இருக்கிறதே, நரம்பு நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அதுதான். இதையெல்லாம் கேட்டுக்கொள்ளாமலேயே ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நரம்புத் தளர்ச்சி என்று சீட்டில் எழுதினால் எந்த நரம்பு, எவ்வளவு தூரம், எதனால் என்ற மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் கிடைப்பதில்லை.

எந்த நரம்பு, எந்த இடம்

மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே வந்து கை, கால், தோல், உள்ளுறுப்பு எல்லாவற்றுக்கும் போகிறவற்றைப் புற நரம்புகள் என்கிறோம். இவை மூன்று விதமான வேலை செய்கின்றன. தொடு உணர்வு, வலி, சூடு, குளிர், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோவது ஒன்று. தசைக்கு உத்தரவு கொண்டுவருவது இன்னொன்று. நாம் நினைக்காமலே நடக்கிற வியர்வை, ரத்த அழுத்தம், குடலின் அசைவு, சிறுநீர்ப்பை இவற்றைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது. எந்த வகை இழை கெட்டதோ அதற்கேற்பத்தான் தொந்தரவும். உணர்வு இழை கெட்டால் மரப்பு, எரிச்சல், ஊசி குத்துவது, ஷாக் அடிப்பது போன்ற சுரீர் வலி. இயக்க இழை கெட்டால் பலவீனம், தசை மெலிதல், பாதம் தொங்கி நடக்கும்போது விரல் தரையில் தட்டுவது. தானியங்கி இழை கெட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து கல் போல நிற்பது, ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிரமம், அப்புறம் கால் வியர்க்காமல் காய்ந்து பித்தவெடிப்பு. இந்தப் பித்தவெடிப்பை எல்லோரும் தண்ணீரில் நிற்பதால் வந்தது என்று விட்டுவிடுகிறோம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது நரம்பின் செய்தியாகவும் இருக்கலாம்.

நரம்பு இழையை ஒரு மின்கம்பி என்று வைத்துக்கொண்டால் உள்ளே கம்பி, மேலே உறை. சில நோய்கள் உறையை மட்டும் அரிக்கும், அவை சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். உள்ளே இருக்கும் இழையே கெட்டுவிட்டால் அது மறுபடி வளர வேண்டும். வளரும், ஆனால் சூழ்நிலை சரியாக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகிற இழையின் நீளம் சுமார் ஒரு மீட்டர் என்பதை நினைத்தால், ஏன் பொறுமை தேவை என்று புரியும்.

அந்த நீளத்தில்தான் உங்கள் காலின் கதையும் இருக்கிறது. உடம்பு முழுவதையும் பாதிக்கும் காரணம், அதாவது சர்க்கரை, சத்துக்குறைவு, மது, சிறுநீரகக் கோளாறு, சில மருந்துகள், முதலில் மிக நீளமான இழைகளின் நுனியைத்தான் தாக்கும். அதனால் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போடும் அளவுக்கு ஏறும். முழங்கால் பக்கம் வந்த பிறகுதான் பொதுவாகக் கைவிரல் நுனிகளில் தொடங்கும், அங்கேயும் இரண்டு கையிலும், பத்து விரலிலும்.

உங்களுக்கோ மரப்பு வலது கையில் மட்டும், அதுவும் மூன்றே விரலில், சுண்டுவிரல் தப்பித்திருக்கிறது. கால் மரப்பு எங்கே நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கணுக்கால்தான். ஆகவே கையில் நடப்பது காலின் தொடர்ச்சி இல்லை, அது தனிக்கதை.

கையின் கதை

மணிக்கட்டின் உட்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான தசைநாருக்கும் நடுவே குறுகலான பாதை இருக்கிறது. விரலை மடக்கும் ஒன்பது நாண்களும் நடுநரம்பும் அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுதான் அந்த நரம்பின் எல்லை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் ராத்திரியில் அதிகமாகும், உதறினால் குறையும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். நாளெல்லாம் மணிக்கட்டை வளைத்துத் துணியைத் தள்ளுகிறவர்களுக்கும், சர்க்கரை, தைராய்டு குறைவு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வரும். உங்களுக்கு இரண்டு காரணம் ஏற்கெனவே இருக்கிறது, தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதல் படி மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை. ராத்திரி முழுக்க, ஆறு வாரமாவது போட வேண்டும், பகலில் போட்டுக்கொண்டு மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதில் போதவில்லை என்றால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி, அது சில மாதங்களுக்கு நன்றாகவே உதவும், போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மரப்பு விட்டுவிட்டு வராமல் நாள் முழுக்க நிலைத்துவிட்டால், அல்லது கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்திருந்தால், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அர்த்தம். இப்போதே இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கட்டைவிரலின் அடிமேடு இடதைவிடத் தட்டையாக இருக்கிறதா? கத்தரிக்கோல் நழுவுகிறது என்று எழுதியிருப்பதால்தான் இதை அழுத்திக் கேட்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றி உங்களைப் பயமுறுத்தியவர்கள் அநேகமாகத் தாமதமாகச் செய்துகொண்ட யாரையாவது பார்த்திருப்பார்கள். அந்தத் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பதுதான் ஆபரேஷன். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிருமி தாக்கலாம், தழும்பு சில மாதம் வலிக்கலாம், இவை உண்மையான ஆபத்துகள், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் குறையும். ஆனால் சதை முழுக்கக் கரைந்த பிறகு செய்தால் நரம்புக்கு இடம் கிடைத்தும் பலம் முழுசாகத் திரும்பாது. அப்படி நடக்கும்போதுதான் ஆபரேஷனால் கை போய்விட்டது என்ற பேச்சு கிளம்புகிறது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிக்கிறார்கள் என்றால் பரிசோதனை, ஆபரேஷன் எல்லாமே அதில் வரும். தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதும் காலத்துக்கு வருடத்தில் 91 நாள் வரை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். இது உங்கள் சம்பளத்திலிருந்து போன பணத்துக்கான உரிமை, சூப்பர்வைசர் தயவு தேவையில்லை. விடுப்பு எடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கையை விட்டுவிடாதீர்கள்.

காலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம்

சர்க்கரை உங்கள் கால் நரம்பைத் தொட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் அதிகமில்லை. சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காலப்போக்கில் இது வரும். ஆனால் சர்க்கரை இருக்கிறது என்பதற்காக வேறு காரணத்தைத் தேடாமல் விடுவது பெரிய தவறு, அதுவும் உங்கள் விஷயத்தில்.

வைட்டமின் பி12 இயற்கையில் இறைச்சி, மீன், முட்டை, பால் பொருட்களில்தான் கிடைக்கிறது. நீங்கள் சைவம், பாலும் குறைவு. அதற்கு மேல் மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, அளவு கூடக் கூட, வருடம் ஏற ஏற இது அதிகமாகும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதை இந்த மருந்தின் பரவலான பக்கவிளைவு என்றே அறிவித்து, அறிகுறி இருப்பவர்களுக்கு ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னது. பதினோரு வருடம், நாளுக்கு 2000 மில்லிகிராம், சைவ உணவு: பி12 குறைய இதைவிட வேறென்ன வேண்டும்?

இருட்டில் தடுமாற்றம், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு இரண்டும் என்னை அந்தப் பக்கம் யோசிக்க வைக்கின்றன. பி12 குறைவு புற நரம்போடு நிற்காமல் தண்டுவடத்தின் பின்பகுதியையும் தாக்கும். கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மேலே போகாது, கண்ணால் பார்த்துச் சமாளிப்போம், கண்ணை மூடினால் சமாளிக்க முடியாது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடி வாஷ்பேசினைப் பிடிக்கிறீர்களா? பிடிக்கிறீர்கள் என்றால் இதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

இங்கே ஒரு சிக்கல். உங்களுக்குப் போட்ட ஊசியின் சிவப்பு நிறமே பி12-இன் நிறம்தான். ஐந்தாறு ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் பி12 அளந்தால் அளவு நன்றாகவே இருப்பதாகக் காட்டும், குறைவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது எத்தனை ஊசி, கடைசியாக எப்போது என்பதைச் சொல்லுங்கள். ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் என்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் ஊசி போட்டபின் அவையும் மாறும். ஊசிக்கு முந்தைய பழைய ரத்த ரிப்போர்ட் பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் எம்.சி.வி. என்ற எண், அதாவது ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவு, 100-க்கு மேல் இருந்தால் அது ஒரு துப்பு. 100-க்குள் இருந்தால் குறைவு இல்லை என்று ஆகிவிடாது.

குறைவுதான் என்று முடிவானால், தோன்றும்போது ஒன்று என்று ஊசி போடுவதில் பயனில்லை. ஆரம்பத்தில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு, மெட்ஃபார்மின் சாப்பிடும் வரைக்கும் ஏதாவது ஒரு வடிவில் தொடர வேண்டும். தேறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு திரும்பும். வெறும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்காதீர்கள், அது ரத்தசோகையைச் சரிசெய்து குறையை மறைத்துவிடும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். இன்னொன்று, சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்பது தப்பு. பைரிடாக்சின் என்கிற பி6 அதிக அளவில் நீண்ட நாள் போனால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும். உங்களிடம் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், மூன்று மாத்திரையில் மூன்று இடத்தில் அதே பி6 இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

சர்க்கரை குறைந்ததும் ஏன் எரிச்சல் கூடியது?

இதைக் கற்பனை என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியில்லை. வெகுநாள் உயரத்தில் இருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், மூன்று மாதத்துக்குள் சராசரி எண் 2-க்கு மேல் விழுந்தால், சிலருக்கு நரம்பு வலி திடீரென்று வெடிக்கும். உங்களுக்கு 3.7 விழுந்திருக்கிறது. ஆகவே உங்கள் கவனிப்பு சரி, எடுத்த முடிவுதான் தப்பு. மருந்து நஞ்சாக வேலை செய்யவில்லை, இறங்கிய வேகம்தான் காரணமாக இருக்கலாம். சர்க்கரையை மறுபடி ஏற விடுவது இதற்குத் தீர்வு இல்லை, இப்போதிருக்கும் அளவிலேயே ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருந்தால் மாதக்கணக்கில் மெல்லக் குறையும். இப்படி வேகமாக இறங்கியவர்களுக்குக் கண்ணின் விழித்திரையும் மோசமாகலாம், அதனால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மெட்ஃபார்மினையும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12 குறைவை பி12 கொடுத்துச் சரிசெய்துவிடலாம், அதற்காக நல்ல மருந்தை விட வேண்டியதில்லை.

எரிச்சலுக்குத் தனியாக மருந்து இருக்கிறது. ட்யூலாக்செட்டின், ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் இந்த நான்கில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதுவோம். இவை நரம்பைச் சரிசெய்வதில்லை, வலியை 30 முதல் 50 சதவீதம் குறைத்துத் தூங்க விட்டால் அதையே வெற்றி என்று எடுத்துக்கொள்கிறோம். ப்ரீகாபலின் தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் தரும், மெஷினில் உட்காருகிறவர் ராத்திரியில் குறைந்த அளவில் தொடங்குவதுதான் நல்லது, நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். அமிட்ரிப்டிலினை இதயத் துடிப்புக் கோளாறு, சிலவகைக் கண் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தவிர்ப்போம். கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த வலிக்குக் கேட்காது, சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான் மிச்சம்.

மின்பரிசோதனைக்குப் பயப்படாதீர்கள். தோலில் சின்னச் சின்னதாகச் சுண்டுவது போல இருக்கும், அவ்வளவுதான். கை நரம்பு எங்கே நசுங்குகிறது, எவ்வளவு, காலில் உறையா இழையா என்பது அதில் தெரியும். எரிச்சலைத் தரும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் இந்தப் பரிசோதனை சரியாகவே வரும் என்பதையும் மனதில் வையுங்கள், ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் எரிச்சல் பொய்யாகிவிடாது.

வலிக்காத கால்தான் எனக்குப் பயம்

நீங்கள் நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் எரிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொப்புளத்துக்கு இரண்டு வரி. நான் அந்த இரண்டு வரியில்தான் நின்றுவிட்டேன். எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், காலை எடுக்க வைக்காது. உணர்வில்லாத காலில் வரும் புண்தான் அதைச் செய்யும்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அழுந்தியும்தான் போகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். சர்க்கரையால் மரத்த காலுக்கும் இதே கணக்குதான். இன்று நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிற, நுண்துளை ரப்பர் வைத்த அந்தச் செருப்பு தொழுநோயாளிகளின் காலைக் காப்பாற்றத்தான் முதலில் பழக்கத்துக்கு வந்தது.

உங்கள் மகளை இன்றைக்கே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். அவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியையும் ஒவ்வொன்றாக, ஒரு நொடி, இரண்டு நொடி, மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. தொட்டதும் நீங்கள் வலது, இடது என்று சொல்ல வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலில் பாதுகாப்பு உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சுடுதண்ணீர் ஒத்தடம், ஹாட் பேக், உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், குளிக்கும் தண்ணீரையும் முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு. பின்னால் வார் உள்ள செருப்பாக இருக்கட்டும், கழன்று விழாது. தினமும் ராத்திரி விரல் இடுக்கு உட்பட மகள் பார்க்கட்டும். கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம், மருந்துப் பட்டையும் ஒட்ட வேண்டாம். சிவந்து சூடாக ஒரு கால் மட்டும் வீங்கினால், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.

பழனிக்கு வெறுங்காலில் வேண்டாம் அம்மா. வேண்டுதலை நான் லேசாக நினைக்கவில்லை, எத்தனையோ வருடம் நடந்த காலை இந்த வருடம் நிறுத்தச் சொன்னால் மனசு எவ்வளவு கஷ்டப்படும் என்று தெரிகிறது. ஆனால் பகலில் காய்ந்த தார் ரோடு, முள், பாட்டில் சில்லு, எதுவும் உங்கள் காலுக்குத் தெரியப்போவதில்லை. கொப்புளம் இன்னும் ஆறவில்லை என்றால் இந்த முறை பஸ்ஸில் போய், விஞ்சிலோ ரோப் காரிலோ மலையேறி வாருங்கள். முழுசாக ஆறிவிட்டது, காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால், பழகிய எம்.சி.ஆர். செருப்பும் சாக்ஸுமாகக் கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் நடக்கலாம், தங்கும் இடத்திலெல்லாம் மகள் காலைப் பார்க்க வேண்டும். புதுச் செருப்பை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். குழுவில் இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு

கால் எரிகிற எல்லோருக்கும் இந்த அம்மாவுக்கு இருப்பதே இருக்காது. தினமும் குடிக்கிறவருக்கு மதுவும், அதோடு வரும் பி1 குறைவும் காரணமாகலாம், குடியை விடாமல் எந்த மாத்திரையும் உதவாது. காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவருக்கு அந்த மருந்து பி6-ஐக் குறைப்பதால் வரும், அதனால்தான் கூடவே பைரிடாக்சின் கொடுக்கிறார்கள், அதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடக் கூடாது. வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகளாலும் வரும், மரப்பு ஆரம்பித்ததும் சொன்னால் அளவை மாற்ற முடியும். குடும்பத்தில் சிறுவயது முதலே பாதம் வளைந்து, கெண்டைக்கால் மெலிந்து நடப்பவர்கள் இருந்தால் பரம்பரை வகை. ஒரு நரம்பு இந்த வாரம், எங்கோ இன்னொன்று அடுத்த வாரம் என்று தாவித் தாவிப் போனால் ரத்தக்குழாய் அழற்சியைத் தேட வேண்டும்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை, அதில் தொட்டால் தெரியவில்லை, முழங்கை ஓரம் நரம்பு கயிறாகத் தடித்திருக்கிறது என்றால் தொழுநோயை மறக்காதீர்கள். 2005-ல் இந்தியா அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக அறிவித்தது, ஆனால் நோய் இன்னும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ. வெட்கப்பட்டு ஒளித்து வைக்கும் மாதங்களில்தான் நரம்பு போகிறது.

காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்னதெல்லாம் வாரங்களில் திட்டமிட்டுச் செய்ய வேண்டியவை. சில அறிகுறிகளுக்கு அப்படி நாள் பார்க்க முடியாது. இரண்டு காலும் சில நாட்களுக்குள் பலமிழந்து, படியேற முடியாமல், பலவீனம் மேலே மேலே ஏறினால் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ பிறகு வரும், மூச்சுத் தசையைப் பிடித்தால் வென்டிலேட்டர் தேவைப்படும், இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்று சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். முகம், கை, கால் ஒரே பக்கமாகத் திடீரென்று மரத்தால் அது பக்கவாதம், அங்கே மணிக்கணக்குதான். முதுகுவலியோடு உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ தண்டுவடத்தின் கீழ்நரம்புகள் நசுங்குகின்றன. இந்த மூன்றுக்கும் ஊசி போட கிளினிக்குக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு நரம்பியல் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.